கண்ணாடியா, குட்டித் திரையா: மட்டக்களப்பு வெயிலுக்கு முதல் கமரா வாங்கும் வழி

என்னுடைய முதல் கமராவில் வியூபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன ஓட்டை, இல்லை. போனில் திரையைப் பார்த்துத்தானே எடுக்கிறோம், இதிலும் அப்படியே எடுத்தால் போச்சு என்று நினைத்து வாங்கினேன். அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோனேன். தீர்த்தக்குளத்துப் படியில், உச்சி வெயிலில் நின்று திரையைப் பார்த்தால் தெரிந்தது என்னுடைய முகம்தான். கையால் மறைத்துப் பார்த்தேன், சால்வையால் மறைத்துப் பார்த்தேன், கடைசியில் குத்துமதிப்பாக அமுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் மாமி ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன கா, பாதிச் சனத்துக்குத் தலையைக் காணல்ல?"

பிறகு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கமரா), அதற்குப் பிறகு ஒரு மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாதது) என்று இரண்டு வகையையும் பாவித்தாகிவிட்டது. முதல் கமரா வாங்கப் போகிற தம்பி தங்கைகள் என்னிடம் வந்து மெகாபிக்சல்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள்? கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன ஓட்டைக்குள் கண்ணாடி இருக்க வேண்டுமா, குட்டித் திரை இருக்க வேண்டுமா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

படி 1: முதலில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்

சிரிக்க வேண்டாம். விலை குறைந்த மிரர்லெஸ் கமராக்கள் பலவற்றில் வியூபைண்டரே கிடையாது. சோனி இசட்வி-ஈ10 (2021), நிக்கோன் இசட்30 (2022) இரண்டும் வீடியோ எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த வேலைக்கு நல்ல கமராக்கள்தான். ஆனால் கல்லடிக் கடற்கரையிலோ, அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வயல்வெளியிலோ பகல் பதினொரு மணிக்குப் படம் எடுக்க நினைப்பவருக்கு அவை சரிவராது. அறைக்குள் இருந்து யூடியூப் செய்கிறவர் இந்தப் படியோடு எழுந்து போகலாம், மிச்சம் அவருக்குத் தேவையில்லை.

படி 2: உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சரிவில் ஒரு கண்ணாடி நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே போய், ஒரு மங்கல் கண்ணாடித் தட்டில் விழுந்து, மேல்மண்டைக்குள் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. இதுதான் ஒப்டிகல் வியூபைண்டர், சுருக்கமாக ஓவிஎஃப். விலை கூடிய கமராக்களில் அந்த மேல்மண்டைக்குள் ஒற்றைக் கண்ணாடிக் கட்டி இருக்கும். அதன் பெயர் பெண்டாபிரிசம். விலை குறைந்தவற்றில் சின்னக் கண்ணாடிகளை ஒட்டி வைத்திருப்பார்கள், அது பெண்டாமிரர். பாரம் குறைவு, ஆனால் காட்சி கொஞ்சம் இருட்டு. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில், கெனன் 1500டி, நிக்கோன் டி3500 உட்பட, இருப்பது பெரும்பாலும் இந்தப் பெண்டாமிரர்தான்.

மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. வெளிச்சம் நேரே படத்தைப் பதிவுசெய்யும் சென்சரில் விழும். சென்சர் கண்டதை ஓட்டைக்குள் இருக்கும் ஒரு குட்டித் திரை காட்டும். இது எலெக்ட்ரோனிக் வியூபைண்டர், அதாவது ஈவிஎஃப்.

ஆக, ஓவிஎஃப்பில் நீங்கள் பார்ப்பது கல்லடிக் கடல். ஈவிஎஃப்பில் பார்ப்பது இன்னும் எடுக்காத படம். கடல் எப்போதும் அழகாகத்தான் தெரியும், படம் அப்படி இருக்குமா என்பது வேறு விஷயம்.

படி 3: பெட்டியில் உள்ள எண்களை வாசிக்கப் பழகுங்கள்

முதலாவது, எவ்வளவு பரப்பைக் காட்டுகிறது என்பது. 1500டி, டி3500 இரண்டும் 95 சதவீதம் காட்டும். ஐந்து சதவீதம்தானே என்று விடாதீர்கள். அது நீளத்திலும் ஐந்து, உயரத்திலும் ஐந்து. பரப்பாகக் கணக்குப் போட்டால் படத்தின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்குப் படாமல் பதிவாகிறது. கலியாண வீட்டில் நீங்கள் காணாத பந்தல்காலும் யாரோ ஒருவரின் முழங்கையும் ஓரத்தில் வந்து நிற்பது இதனால்தான். ஈவிஎஃப் பொதுவாக 100 சதவீதமும் காட்டும்.

இரண்டாவது, உருப்பெருக்கம், அதாவது காட்சி கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. இந்த எண் சென்சரின் அளவைப் பொறுத்தது, அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். இங்கே சொல்லும் ஆரம்பநிலைக் கமராக்களில் நிக்கோன், சோனி என்றால் 1.5 ஆலும் கெனன் என்றால் 1.6 ஆலும் பிரித்துவிட்டு ஒப்பிடுங்கள். டி3500க்கு 0.85 என்று போட்டிருப்பார்கள், பிரித்தால் 0.57. 1500டிக்கு 0.80, பிரித்தால் 0.50. 2014இல் வந்த பழைய சோனி ஏ6000க்கு 1.07, பிரித்தால் 0.7 சொச்சம். கண்ணை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: 1500டியில் காட்சி ஒரு குழாய்க்குள் தூரத்தில் நிற்பதுபோல இருக்கும்.

மூன்றாவது, ஈவிஎஃப்பின் புள்ளிகள். ஏ6000க்கு 14.4 இலட்சம் புள்ளிகள். கெனன் ஆர்50, நிக்கோன் இசட்50 போன்றவற்றுக்கு 23.6 இலட்சம். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் தனிப் புள்ளியாக எண்ணியிருக்கிறார்கள். மூன்றால் பிரித்தால் முதலாவது 800க்கு 600 அளவுத் திரை, இரண்டாவது 1024க்கு 768. பழைய கணினித் திரைகளை ஞாபகம் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் நல்ல பழக்கம்.

நான்காவது, பற்றரி. டி3500 ஒரு முழுச் சார்ஜில் 1550 படம் எடுக்கும் என்று நிறுவனத்தின் அளவீடு சொல்கிறது. 1500டிக்கு 500. ஏ6000க்கு ஈவிஎஃப் வழியாக 310, பின்திரை வழியாக 360. கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை, ஈவிஎஃப்போ பார்க்கப் பார்க்கத் தின்னும். அதே 1500டியைத் திரையைப் பார்த்து எடுத்தால் 500 என்பது 240 ஆகிவிடும்.

படி 4: உங்கள் நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. எந்தக் கமரா நல்லது என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, போன மாதம் நீங்கள் போனில் எடுத்த படங்களின் நேரத்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும்.

விடியற்காலைக் கடல். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலுக்குள் இருந்துதான் எழும். தோணி கரைவந்து சேரும் நேரமும் அதுவே. வானம் பளீரென்று இருக்கும், தோணியும் ஆட்களும் கறுப்பாக நிற்பார்கள். நம் கண் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், சென்சரால் அது முடியாது. ஓவிஎஃப்பில் எல்லாம் அழகாகத் தெரிந்து, எடுத்த படத்தில் வானம் வெள்ளைக் கடதாசிபோல வந்தால் புதியவருக்குக் காரணம் விளங்காது. ஈவிஎஃப்பில் எக்ஸ்போஷர் (படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) சக்கரத்தைத் திருகத் திருக வானம் நிறம் பிடிப்பதும் தோணி கறுப்பதும் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும். நான் டிஎஸ்எல்ஆரில் பல மாதம் தடுமாறிக் கற்றதை, மிரர்லெஸ் வாங்கிய என் மச்சான் ஒரே கிழமையில் பிடித்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இன்னொன்று. சூரியன் ஏறிய பிறகு ஓவிஎஃப் வழியாக, அதுவும் நீண்ட லென்ஸ் போட்டு, நேரே பார்க்கவே கூடாது. அந்த லென்ஸ் வெயிலைக் குவித்து உங்கள் விழிக்குள் அனுப்பும். ஈவிஎஃப்பில் நீங்கள் பார்ப்பது திரை என்பதால் கண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் சென்சர் பாவம், நெடுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

நடுப்பகல். இங்கே ஓவிஎஃப் ராஜா. வெளிச்சம் எவ்வளவு கூடுதலோ காட்சி அவ்வளவு தெளிவு. ஈவிஎஃப்பும் வேலை செய்யும், பின்திரையைவிட எவ்வளவோ மேல். ஆனால் வெயிலுக்குப் பழகிய கண்ணை வைத்தவுடன் உள்ளே இருட்டாகத் தெரியும். அப்போது பலர் ஈவிஎஃப்பின் பிரகாசத்தைக் கூட்டிவிடுவார்கள். கூட்டியதும் படம் பிரகாசமாக இருப்பதாக நம்பிக் கமராவில் எக்ஸ்போஷரைக் குறைத்து வைப்பார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் இருட்டு. வெயிலில் ஈவிஎஃப்பின் பிரகாசத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை, நம்புங்கள்.

இரவு. வட்டக்களரியில் கூத்து, கண்ணகை அம்மன் சடங்கு, கோயில் திருவிழா. கமராவோடு வரும் 18-55 லென்ஸ் முழு நீளத்தில் எஃப் 5.6 தான் திறக்கும் (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). பெண்டாமிரரும் சேர்ந்தால் ஓவிஎஃப்பில் ஆட்டக்காரரின் முடி மினுங்குவது மட்டும்தான் தெரியும். ஈவிஎஃப் இருட்டைத் தூக்கிக் காட்டும். புள்ளி புள்ளியாக, கொஞ்சம் இழுபட்டுத்தான் காட்டும், ஆனாலும் எங்கே முகம், எங்கே கை என்று தெரியும். டிஎஸ்எல்ஆரிலேயே நிற்க விரும்புகிறவர்கள் 50 எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். எஃப் 5.6ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், படத்துக்கும் நல்லது, ஓவிஎஃப்பும் வெளிக்கும். ஒரு எச்சரிக்கை: டி3500 உடம்பில் போக்கஸ் மோட்டார் இல்லை. பழைய, மலிவான 'டி' வகை 50 லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் போக்கஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஓடுவதும் பறப்பதும். அறுகம்பையில் அலைச்சறுக்கு, குமணையில் பறவை. ஒரு காலத்தில் இதற்கு ஓவிஎஃப்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஈவிஎஃப்பில் காட்சி சற்றுத் தாமதமாக வரும் என்பது பழைய கமராக்களில் நன்றாகவே தெரியும். இன்றைக்கு அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது, ஆர்50 போன்றவை ஆளையும் விலங்கையும் தாங்களாகவே அடையாளம் கண்டு பின்தொடரும். ஆனால் இந்த வேலையில் பாதி காத்திருப்பது. கொக்கு ஒன்று தலையைத் தூக்கும்வரை அரை மணித்தியாலம் கண்ணை எடுக்காமல் இருக்க ஓவிஎஃப் சுகம். ஈவிஎஃப்பில் கண்ணும் களைக்கும், பற்றரியும் இறங்கும்.

படி 5: என் தீர்ப்பு

பகலில்தான் கூட எடுப்பீர்கள், கையில் காசு குறைவு என்றால், நல்ல நிலையில் உள்ள பழைய டி3500. புதிதாக உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டார்கள், பழையதாகத்தான் தேட வேண்டும். 1500டியும் மோசமில்லை, ஆனால் அந்தக் குழாய்ப் பார்வை எனக்குப் பிடிக்காது.

விடியலும் இரவும்தான் உங்கள் நேரம் என்றால், அல்லது எக்ஸ்போஷரை விரைவாகக் கற்க வேண்டும் என்றால், ஈவிஎஃப் உள்ள மிரர்லெஸ். காசு இருந்தால் ஆர்50, குறைவென்றால் பழைய ஏ6000. எதை வாங்கினாலும் மேலதிகப் பற்றரி இரண்டின் விலையைக் கமரா விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். திருவிழாவில் சாமி வெளிவீதி வரும் நேரம் பார்த்துத்தான் பற்றரி செத்துப்போகும். கெனன் எம்50 மலிவாகக் கிடைத்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்: ஈவிஎஃப் நன்று, ஆனால் அந்த எம் வரிசையைக் கெனன் கைவிட்டுவிட்டது. அதற்குப் புது லென்ஸ் இனி வராது.

படி 6: பழையது பார்க்கப் போகும்போது

கடைக்குள் நின்று பார்க்காதீர்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள், வெயிலில் ஒருமுறை, கடையின் இருண்ட மூலையில் ஒருமுறை கண்ணை வைத்துப் பாருங்கள்.

ஓவிஎஃப்பில் தூசி தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. அது மங்கல் தட்டில் இருக்கும் தூசி, படத்தில் விழாது. விலை பேச மட்டும் உதவும். பார்க்க வேண்டியது போக்கஸ். டிஎஸ்எல்ஆரில் போக்கஸ் பார்க்கும் உறுப்பு சென்சரில் இல்லை, தனியாகக் கீழே இருக்கிறது. விழுந்து அடிபட்ட கமராவில் இரண்டும் ஒத்துப்போகாது, ஆரம்பநிலை மாதிரிகளில் அதை நீங்களாகத் திருத்தும் வசதியும் இல்லை. ஒரு பத்திரிகையை மேசையில் சரிவாக வைத்து, நடுவில் ஒரு வரியில் போக்கஸ் பிடித்து, லென்ஸை முழுதாகத் திறந்து எடுங்கள். நீங்கள் பிடித்த வரி மங்கி, முன்வரியோ பின்வரியோ தெளிவாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஈவிஎஃப்பில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, மஞ்சள் அல்லது கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று கவனியுங்கள். கண்ணை வைத்தால் ஈவிஎஃப்புக்கும் எடுத்தால் பின்திரைக்கும் தானாக மாறுகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டுக்கும் பொதுவாக, லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். வாவிக்கரை ஈரப்பதனில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸில் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

படி 7: வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

ஓட்டைக்குப் பக்கத்தில் டயோப்டர் என்ற சின்னச் சில்லு இருக்கும். காட்சியைப் பார்த்து அதைத் திருகாதீர்கள். உள்ளே தெரியும் எண்களைப் பாருங்கள், அவை கூர்மையாகும்வரை திருகுங்கள். கமராவில் போக்கஸ் போகவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் சிலருக்கு நான் செய்த மருத்துவம் இந்தச் சில்லு மட்டும்தான்.

ஈவிஎஃப் என்றால் எக்ஸ்போஷரைக் காட்டும் அமைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோனியில் 'லைவ் வியூ டிஸ்ப்ளே' என்ற இடத்தில் இருக்கும். அது அணைந்திருந்தால் ஈவிஎஃப் வாங்கியதன் பலனில் பாதி போய்விடும். ஆனால் கலியாண வீட்டில் வெளிப் பிளாஷ் போட்டு மேனுவலில் எடுக்கும்போது அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பொம்பிளை மாப்பிள்ளை இருட்டுக்குள் நிற்பார்கள். பிளாஷ் வெளிச்சம் வரப்போவது ஈவிஎஃப்புக்குத் தெரியாது.

டியூப் லைட், எல்ஈடி வெளிச்சத்தில் ஈவிஎஃப்பில் கோடு கோடாக ஓடினால் பயப்படாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுக்கும். சட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஈவிஎஃப் பார்த்தால் சில கோணங்களில் முழுதும் இருண்டுவிடும். போலரைஸ்ட் கண்ணாடியின் வேலை அது. அதேபோல, பின்திரை திடீரென்று அணைந்துவிட்டால் பழுது என்று ஓட முன்னம் கண்ணை உணரும் சென்சரைத் துடையுங்கள். ஒரு மழைத்துளியோ கழுத்துப்பட்டியோ மறைத்தாலும் நீங்கள் கண் வைத்திருப்பதாகக் கமரா நினைத்துக்கொள்ளும்.

படி 8: ஓவிஎஃப் வாங்கியவர்களுக்கு ஒரு பயிற்சி

கண்ணாடி உங்களுக்கு எக்ஸ்போஷரைக் காட்டாது, ஆகவே நீங்கள் முன்கூட்டியே ஊகிக்கப் பழக வேண்டும். கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பாசிக்குடா மணலையோ வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளையோ எடுத்தால் அழுக்காக வரும், ஆகவே எக்ஸ்போஷரைக் கூட்டல் 1 வையுங்கள். வயலுக்குள் எருமைக் கூட்டம் படம் முழுக்க நிறைந்தால் எருமை சாம்பல் நிறமாகும், கழித்தல் 1. ஒரு கிழமைக்கு, படம் எடுக்கும் முன்பே எண்ணைச் சொல்லி, எடுத்த பிறகு சரிபாருங்கள்.

சந்தேகம் வந்தால் டிஎஸ்எல்ஆரின் லைவ் வியூவைப் போடுங்கள், பின்திரை ஈவிஎஃப்போலப் படத்தைக் காட்டும். வெயில் என்றால் தலையில் துவாயைப் போர்த்திக்கொண்டு பார்க்கலாம். பழைய ஸ்டூடியோக்காரர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் இதற்காகத்தானே. முக்காலியில் வைத்து, கண்ணை வைக்காமல் எடுக்கும்போது ஓட்டையை மூடிவிடுங்கள். பின்னால் இருந்து நுழையும் வெயில் மீட்டரைக் குழப்பும்.

படி 9: உப்பும் வெயிலும்

கடற்கரையால் வந்ததும் சற்று ஈரமான மென்துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை. கண் வைக்கும் ரப்பரைக் கழற்றி அடியில் இருக்கும் மணலைத் தட்டுங்கள். டிஎஸ்எல்ஆரின் உள்கண்ணாடியை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது.

ஈவிஎஃப் கமராவை லென்ஸ் கீழாக, கண் ஓட்டை வானத்தைப் பார்க்க வெயிலில் வைக்காதீர்கள். ஓட்டைக்குள் இருக்கும் சின்ன லென்ஸ் வெயிலைக் குவித்துக் குட்டித் திரையைச் சுட்டுவிடும். என்னுடையதில் வலது மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி நிற்கிறது. பாசிக்குடாவில் கமராவைப் பாயில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நாளில் வந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வானத்தில் இன்னொரு சின்னச் சூரியன் இருக்கிறது.